பவர் ஹவுஸ் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர்

"அண்ணாச்சி, உள்ள ஒரு குடித்தனமே நடக்குது, பாத்துக்கிடுங்க" என்றான் கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ணுகிற தம்பி.

கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு டார்ச் அடித்தான். ஹார்ட் டிஸ்க்குக்குக் கீழே, கதகதப்பான மூலையில், பட்டாணி அளவில் இரண்டு பல்லி முட்டை. பக்கத்திலேயே முன்னால் பொரித்துப்போன ஓடுகள். அம்மாக்காரியைக் காணோம். கொஞ்ச நேரத்தில் அவளும் அகப்பட்டாள். கரன்ட் உள்ளே வருகிற டப்பாவுக்குள், அதாவது எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள், இரண்டு ஈயப்பற்றுக்கு நடுவே கருவாடாகக் கிடந்தாள். மூன்று நாளாகப் பெட்டி ஏன் கண் விழிக்கவில்லை என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. வாரன்ட்டி கார்டை எடுத்துப் பார்த்தேன். தீ, வெள்ளம், இடி எல்லாம் விலக்கு என்று போட்டிருந்தது. பல்லியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருந்தும் கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு கதை.

அது 2011. என் மூன்றாவது கம்ப்யூட்டர்.

எங்கள் ஊர் பாபநாசம். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருப்பது வேறு. தாமிரபரணி மலையை விட்டு இறங்கிச் சமவெளியில் கால் வைக்கிற இடம் எங்களுடையது. 2015-ல் எங்கள் ஊர்ப் பேரிலேயே கமல் படம் வந்த பிறகு இந்த விளக்கம் சொல்லுகிற வேலை பாதி குறைந்துவிட்டது. படத்தில் சுயம்புலிங்கம் கேபிள் டி.வி. நடத்துகிறவர். அந்தத் தொழிலில் குரங்குகளால் வருகிற நஷ்டத்தை ஒரு காட்சியிலாவது காட்டியிருக்கலாம்.

இது மின்சாரம் பிறக்கிற ஊரும்கூட. ஆற்றின் வேகத்தை வைத்து இயந்திரம் ஓட்டலாம் என்றுதான் 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே நூற்பாலை கட்டினார்கள். பிறகு மேலே அணை வந்தது. 1944-ல் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. இன்றைக்கு நான்கு இயந்திரங்கள், 32 மெகாவாட். மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைக் காட்டி, "அதுக்குள்ளதான் கரன்ட் வருது" என்று அப்பா சொல்லியிருக்கிறார். கரன்ட் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் மற்ற ஊருக்குப் போகிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது பிறந்த கையோடு உயரக் கம்பியில் ஏறி, ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளும் தூத்துக்குடி அனல்மின் நிலையமும் கொடுப்பதோடு கலந்து எங்கெங்கோ போய்விடுகிறது. எங்கள் தெருவுக்கு வருவது துணைமின் நிலையம், டிரான்ஸ்பார்மர் என்று எல்லா வாசலும் ஏறி இறங்கிய கரன்ட். வயக்காட்டு மோட்டார்கள் ஓடுகிற நேரத்தில் டியூப்லைட் கண் சிமிட்டும். மோட்டார்கள் நின்றதும் பல்பு பளீரென்று எரியும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இருபத்து நாலு வருஷத்தில் ஐந்து கம்ப்யூட்டர் வைத்துக் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். "கம்ப்யூட்டரை நம்ப முடியாது" என்று யார் சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஒன்றே ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தானாகக் கெடவில்லை, வீடுதான் அவற்றைக் கெடுத்தது என்பது என் கட்சி.

முதலாவது 2001-ல் வந்தது. திருநெல்வேலி ஜங்ஷன் கடையில் அசெம்பிள் பண்ணியது. செலரான் சிப், 128 எம்.பி. ராம், 20 ஜி.பி. டிஸ்க், விண்டோஸ் 98. மடியில் வைத்துக் கொண்டுவந்த மானிட்டர், அம்பாசமுத்திரம் தாண்டுவதற்குள் தொடையை மரக்கவைத்துவிட்டது. மூன்று வருஷம் நன்றாகத்தான் ஓடியது. ஐப்பசி மாசம் சாயங்காலம் ஒரு இடி. பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தேன். ஆனால் இன்டர்நெட்டுக்கான தொலைபேசி ஒயர் பின்னால் சொருகியபடியே இருந்தது. முன் வாசலைத் தாழ்போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. தம்பி மோடம் கார்டை உருவி முகர்ந்து பார்த்தான். என் மூக்கிலும் காட்டினான். கருகின மிளகாய் மாதிரி ஒரு நெடி. மோடத்தோடு மதர்போர்டும் போச்சு. டிஸ்க் மட்டும் பிழைத்துக்கொண்டது.

அன்றைக்குத்தான் தம்பி இன்னொன்றையும் கண்டுபிடித்தான். இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுர்ரென்று எறும்பு ஊர்வது போல இருக்கும். கம்ப்யூட்டரின் இயல்பே அதுதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். "எர்த் எங்க அண்ணாச்சி?" என்றான். பிளக்கில் மூன்று கால் இருந்தது. சுவரிலும் மூன்று ஓட்டை இருந்தது. பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. எஸ்.எம்.பி.எஸ்ஸில் கரன்டை வடிகட்டச் சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாத வீட்டில் அவை பெட்டியின் உடம்பை லைன் வோல்டேஜில் பாதிக்கு ஏற்றிவிடும். கசிவது சொற்பம் என்பதால் ஆளைக் கொல்லாது, சுர் என்று மட்டும் ஞாபகப்படுத்தும். மறுவாரம் கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் அடுக்கடுக்காய்ப் போட்டுக் குழாய் இறக்கினோம். சித்திரை வைகாசியில் இன்றும் அந்தக் குழிக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுகிறேன். தென்னைக்கு அடுத்து அதற்குத்தான்.

தானாகக் கெட்டது என்று சொன்னேனே, அது இரண்டாவது. 2004-ல் வாங்கியது. 2008 வாக்கில் திடீர் திடீரென்று நீலத்திரை காட்டும், பாதியில் அணைந்து அதுவாகவே மறுபடி ஏறும். "ஓ.எஸ். போயிருச்சு, ஃபார்மட் அடிச்சிருவோம்" என்றான் தம்பி. கம்ப்யூட்டர் சர்வீஸில் ஃபார்மட் என்பது கிராமத்து வைத்தியத்தில் பேதி மருந்து மாதிரி; எந்த நோய்க்கும் முதலில் அதுதான். மூன்று தடவை அடித்தோம். நாலாவது தடவை பெட்டியைத் திறந்தபோதுதான் பார்த்தோம். சிப்பைச் சுற்றி வரிசையாக நிற்கும் உருளைக் கெபாசிட்டர்களில் ஆறு, தலை உப்பிக்கொண்டு நின்றன. தட்டையாக இருக்க வேண்டிய அலுமினியத் தலை குழிப்பணியாரம்போல் மேலே எழும்பி, நடுவில் இருக்கும் கீறல் வாய் பிளந்து, அதிலிருந்து காபி டிகாஷன் நிறத்தில் என்னமோ கசிந்து காய்ந்திருந்தது.

அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன், இது உலகம் முழுக்க அடித்த கொள்ளைநோய் என்று. 2000-க்குப் பிந்தைய சில வருஷங்களில் தயாரான ஏராளமான மதர்போர்டுகளில், கெபாசிட்டருக்குள் ஊற்றிய ரசாயனக் கரைசல் சரியில்லை. உள்ளே வாயு சேர்ந்து தலை வெடித்தது. டெல் நிறுவனம் 2005-ல் இப்படிக் கெட்ட போர்டுகளுக்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது. நல்ல கெபாசிட்டர் என்றாலும் சூடு ஆகாது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது அந்தத் தொழிலில் வழங்குகிற கணக்கு. எங்கள் வீட்டுச் சித்திரைச் சூட்டில் அது எத்தனை நாள் தாங்கும்?

தம்பி அம்பாசமுத்திரத்துக்குப் போய் அதே அளவில் ஆறு கெபாசிட்டர் வாங்கிவந்தான். போர்டை என் எழுதுமேசையில் பழைய தினத்தந்தி விரித்துப் படுக்க வைத்தான். பற்றவைப்புக் கோலைப் பின்புறம் வைத்து அழுத்தி, ஈயம் இளகும்போது மறு கையால் கெபாசிட்டரைப் பல் பிடுங்குவதுபோல் ஆட்டி ஆட்டி உருவினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு. வெள்ளைக் கோடு போட்ட பக்கம் மைனஸ், அதை மாற்றிப் போட்டால் பட்டாசு என்று சொல்லிக்கொடுத்தான். ஆறும் மாட்டி முடிக்க ஒரு மத்தியானம் ஆயிற்று. கூலியைவிட அன்று அவன் குடித்த டீக்கணக்கு அதிகம். அந்தப் போர்டு இன்னும் ஒரு வருஷம் உழைத்தது.

சாரல் மாசத்து நோய் தனி. ஆனி, ஆடியில் குற்றாலத்துக்கு விழுகிற சாரலில் எங்களுக்கும் பங்கு உண்டு. செருப்பு பூக்கும், பெல்ட் பூக்கும், சாமி படக் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். கம்ப்யூட்டருக்கு ராமில் கோளாறு வரும். ஸ்விட்சைப் போட்டதும் ஒரே ஒரு சின்ன பீப் வந்தால் சௌக்கியம் என்று அர்த்தம். நீளமாக, விடாமல் அடித்தால் ராம் சரியாகக் கவ்வவில்லை. "அதுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்பாள் என் மனைவி. இதற்கு வைத்தியம் பள்ளிக்கூட ரப்பர். ராமைக் கழற்றி, தங்க முலாம் பூசிய பல்வரிசையை ரப்பரால் அழுத்தித் தேய்த்து, தூசி ஊதி, கிளிப் இரண்டும் டக்கென்று விழும்வரை அழுத்தி மாட்ட வேண்டும். அப்படிச் செய்யக் கூடாது, முலாம் தேயும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் சாரல் அடிப்பதில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

பல்லி செத்த மூன்றாவது கம்ப்யூட்டருக்குப் புது எஸ்.எம்.பி.எஸ். போட்டோம். இதிலும் தம்பியிடம் ஒன்று கற்றேன். 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு டப்பாவை என் இரண்டு கையிலும் கொடுத்தான். ஒன்று கல் மாதிரி கனத்தது, இன்னொன்று அப்பளக் கட்டு மாதிரி இருந்தது. "ஸ்டிக்கர் பொய் சொல்லும் அண்ணாச்சி, எடை சொல்லாது."

கனத்ததை வாங்கியும் 2012 வந்து சேர்ந்தது. அந்த வருஷத்து மின்வெட்டைத் தமிழ்நாட்டில் யாரும் மறக்க முடியாது. சென்னைக்கு இரண்டு மணி நேரம், எங்களைப் போன்ற மாவட்டங்களுக்குப் பத்து, பன்னிரண்டு, சில நாள் அதற்கும் மேலே. மலையில் அணை, எல்லையில் காற்றாலை, கடற்கரையில் கூடங்குளம் தயாராகிக்கொண்டிருந்தது, நடுவில் நாங்கள் பனையோலை விசிறியோடு. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். கரன்ட் போவதால் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு கெடுதல் இல்லை, அது திரும்பி வருகிற வேகம்தான் கெடுதல். தெருவிலுள்ள மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ள, வோல்டேஜ் கிறுகிறுத்துப்போய்த்தான் நிலைக்கு வரும். யு.பி.எஸ். இருந்தது. ஆனால் அதன் ஈய அமில பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனால்தான் ஆரோக்கியமாக இருக்கும். அரைவயிற்றோடு போட்டுவைத்தால் தகட்டில் உப்புப் படிந்து கெட்டுவிடும். மூன்று வருஷம் வரவேண்டிய பேட்டரி பத்து மாசத்தில் வயிறு வீங்கியது. அடுத்த வருஷம் டிஸ்க்கும் போச்சு. கடைசி ஒரு வாரம் டிக், டிக் என்று சுவர்க்கடிகாரம் மாதிரி சத்தம் கொடுத்துவிட்டுத்தான் போயிற்று. அந்தமட்டும் சொல்லிவிட்டாவது போனதே! கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைக் கண்காணித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், கெட்டுப்போனவற்றில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின என்று சொல்கிறார்கள். சூடும் அவர்கள் எதிர்பார்த்த அளவுக்குக் குற்றவாளி இல்லையாம். டிஸ்க்குக்கென்று தனியாக ஃபேன் வைத்திருந்த எனக்கு அது கொஞ்சம் அவமானமாக இருந்தது.

அந்த இருட்டு வருஷத்தில் எங்கள் வீட்டில் நிமிர்ந்து நின்றது ஒன்றுதான்: மகள் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிவந்த இலவச லேப்டாப். அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். மூடியில் முதலமைச்சர் படம். கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். சும்மா கொடுத்த பெட்டி ஆறு மாசம் தாங்குமா என்றேன். ஒன்பது வருஷம் தாங்கியது. கல்லூரி ஹாஸ்டல், பஸ், மழை, கீழே விழுந்தது இரண்டு தடவை. கீபோர்டில் 'ஈ' எழுத்து மட்டும் தேய்ந்து பெயர்ந்தது. எங்கள் தெருவில் பல பிள்ளைகளின் லேப்டாப் அடகுக்கடை ஏறியதும் உண்டு. அது பெட்டியின் குற்றமில்லை.

இது எங்கள் வீட்டு அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் மூன்று பேர் 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். சாதாரண ஜனங்கள் உபயோகிக்கிற சுமார் பத்து லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்த கணக்கு. வன்பொருள் கோளாறில் லேப்டாப் விழுவது டெஸ்க்டாப்பைவிடக் குறைவு என்கிறது அது. காரணத்தை அவர்கள் வேறு மாதிரி யோசிக்கலாம். என்னைக் கேட்டால், லேப்டாப் தன் யு.பி.எஸ்ஸைத் தன் வயிற்றிலேயே சுமக்கிறது. சுவரிலிருந்து என்ன வந்தாலும் பேட்டரி என்ற திண்ணையில் உட்கார்ந்து ஆற அமரத்தான் உள்ளே போகிறது. பாபநாசத்தில் அதைவிடப் பெரிய தகுதி ஒரு கம்ப்யூட்டருக்கு வேண்டியதில்லை.

அதே ஆய்வில் இன்னும் இரண்டு விஷயம். பெயர்பெற்ற கம்பெனி பெட்டிகளைவிட அசெம்பிள் பெட்டிகள் அதிகம் விழுகின்றன. இது என் தன்மானத்தை உரசியது. சென்னை ரிச்சி தெருவுக்கு ஆள் அனுப்பி ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கியவன் நான். இன்னொன்று: ஒரு மாச அளவுக்கு உழைத்த பெட்டிகளில் எட்டு மாசத்துக்குள் பிராசசர் சார்ந்த கோளாறு வந்து விழுந்தது 190-ல் ஒன்று. ஆனால் ஒரு தடவை விழுந்த பெட்டி மறுபடி விழுகிற வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. தம்பியிடம் இதைச் சொன்னேன். "இதக் கண்டுபிடிக்க பத்து லட்சம் சிஸ்டம் எதுக்கு? ஒரு தடவ வந்த கஸ்டமர் மறு மாசமும் வருவாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றான்.

நாலாவது அந்த லேப்டாப்தான். ஐந்தாவது, ஏதோ அலுவலகத்தில் உழைத்துக் கழிந்த கம்பெனி பெட்டி, பழைய சாமான் விலைக்கு 2016-ல் வாங்கியது. இன்றும் ஓடுகிறது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மருமகளைப் பற்றி ஊரில் பேச்சு இருக்காது.

கடைசியாக அப்பாவின் நோட்டு. அவர் மில்லில் வேலை பார்த்தவர். 1992 நவம்பர் வெள்ளத்தன்று ராத்திரி ஆற்றின் சத்தம் மாறியதிலிருந்து, தண்ணீர் வடிந்த பிறகு பக்கத்து விக்கிரமசிங்கபுரத்தில் யார் வீட்டில் என்ன மிஞ்சியது என்பதுவரை நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். 2003-ல் அவர் வாசிக்க வாசிக்க நான் டைப் செய்தேன். முதல் கம்ப்யூட்டரில் அடித்தது இடிக்குத் தப்பி, கெபாசிட்டருக்குத் தப்பி, டிஸ்க் சாவதற்குச் சில மாசம் முன்னால் லேப்டாப்பில் ஏறியது. நோட்டை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தோம். கரையான் தின்றுவிட்டது. சி.டி.யில் ஏற்றிய பிரதியில் சாரல் பூஞ்சை கோலம் போட்டிருந்தது. எஞ்சியது லேப்டாப்பில் இருந்த ஃபைல் ஒன்றுதான். 2019-ல், அப்பா போன மறு வருஷம், திறந்தேன். திறந்தது. ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. ஆனால் ஒன்றும் தமிழில் இல்லை. ஆங்கில எழுத்து, காலணாவுக்குப் பெறாத குறிகள், தலைகீழ்க் கேள்விக்குறி. நாற்பது பக்கம் அப்படியே.

பிழை டிஸ்க்கில் இல்லை. 2003-ல் நாங்கள் டைப் செய்த தமிழ், தமிழே இல்லை. ஆங்கில எழுத்துக்கான எண்ணுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிவைத்த எழுத்துரு. ஆளுக்கொரு எழுத்துரு, கடைக்கொரு வரிசை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்ற குறியீடுகளால் ஒழுங்குபடுத்தப் பார்த்தது. தமிழக அரசு யூனிகோடுக்கு வந்தது 2010-ல். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அப்பாவின் வெள்ளம் வெறும் கிறுக்கல். எந்தக் கடையில் எந்த எழுத்துரு வாங்கினோம் என்பதும் மறந்துவிட்டது. 'பொங்குதமிழ்' மாற்றியில் முதல் பத்தியை ஒட்டி, பட்டியலில் இருந்த குறியீடுகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தேன். ஏதோ ஒன்றில் சட்டென்று 'ராத்திரி பத்து மணிக்கு மேல்' என்று வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

முழுவதும் திரும்பிவிட்டது. 'ஸ்ரீ' வர வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு காலிக் கட்டம். கீழே ஆற்றோரம் இருக்கிற ஸ்ரீவைகுண்டம், அப்பாவின் எழுத்தில் வெறும் வைகுண்டம் ஆகியிருந்தது. திருத்தவில்லை.

அதே ஸ்ரீவைகுண்டத்தில் 2023 டிசம்பர் 17 ராத்திரி ரயில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான ஜனங்கள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவில் தண்ணீர் முதல் படியைத் தொட்டபோது, நான் ஒயர் எல்லாவற்றையும் உருவிவிட்டு, பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி ஏணி வைத்துப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"அரிசி மூட்டை கீழ கெடக்கு. நீங்க இதத் தூக்கிட்டு ஏறுதிய" என்றாள் மனைவி.

அரிசியையும் ஏற்றினேன். இரண்டாவதாக.

கரன்ட் வர நாலு நாள் ஆயிற்று. வந்ததும் உடனே போடவில்லை. எர்த் குழியில் சேறு நிரம்பியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஃபிரிட்ஜ் ஓடி நிதானமாகட்டும் என்று பத்து நிமிஷம் காத்திருந்தேன். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், பல்லி இல்லை. ஒயர்களை மாட்டி ஸ்விட்சை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. ஒரே ஒரு சின்ன பீப்.

"என்னவாம்?" என்று அடுப்படியிலிருந்து குரல்.

"சௌக்கியமாம்" என்றேன்.